கையில் இருக்கிற தேளை எடுத்தால்தான் கல்யாணமா?

நெல்லைச் செவிலி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 28 வயது. திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஒரு இடம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. நடுவில் என் இடது கையில் இருக்கிற தேள் வந்து குறுக்கே நிற்கிறது.

தேள் என்றால் டாட்டூ. முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டிலிருந்து நாலு விரல் தள்ளி. பெரிய வேலைப்பாடெல்லாம் இல்லை. நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் கால்களுக்குச் சின்னச் சின்னக் கோடுகள், மேலே இரண்டு கொடுக்கு, வால் வளைந்து முடிகிற இடத்தில் ஒரு புள்ளி. என் ஆச்சியின் கையில் இருந்த அதே தேள். ஆச்சி படுக்கையில் கிடந்த காலத்தில் உடம்பு துடைத்துவிடும்போது போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டித்தான் குத்திக்கொண்டேன். தோல் தொங்கிப்போனதில் ஆச்சியின் தேளுக்கு ஒரு பக்கத்துக் கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலங்கியிருக்கும். டாட்டூ போட்டவர், “இதைச் சரிபண்ணிப் போடட்டுமா?” என்றார். வேண்டாம், கலங்கினது கலங்கினபடியே இருக்கட்டும் என்றேன். ஆச்சிக்கு எதற்குக் குத்தினார்கள் என்று கேட்டால், “தேளைக் குத்திக்கிட்டா தேள் கொட்டாதுன்னு சொல்லுவாவ” என்பாள். ஆனால் அவளையே ரெண்டு மூணு தடவை கொட்டியிருக்கிறது. அதையும் அவளே சிரித்துக்கொண்டே சொல்வாள்.

பெண் பார்க்க வந்த அன்று நான் மறைக்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவருடைய அத்தை என் சித்திக்கு போன் செய்து, “புள்ளைய எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. கையில கெடக்குறதை மட்டும் கல்யாணத்துக்கு முன்னாடி லேசர்ல எடுத்துரலாம்லா” என்று சொல்லியிருக்கிறார். செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மெஹந்தி வைத்துப் போட்டோ எடுக்கும்போது அசிங்கமாகத் தெரியுமாம். கை முழுக்கப் படம் வரைந்துகொள்ளப் போகிற அன்றைக்கு இந்த ஒரு படம் அசிங்கம்!

எனக்கு எரிச்சல் அதில்கூட இல்லை. வந்திருந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் பாட்டியும் இருந்தார். பாட்டியின் இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சை. புள்ளிக் கோலம், தேர், ஏதோ ஒரு பேர். சித்தி போனில் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். வந்த பதில், “அது வேற, இது வேற.”

வேலை பார்க்கிற இடத்திலும் முதலில் முணுமுணுப்பு இருந்தது. சேர்ந்த புதிதில் நர்சிங் சூப்பரின்டெண்ட் மேடம், மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் கை கழுவுகிற வேலை இது. மத்தியானத்துக்குள் பிளாஸ்டர் நனைந்து, ஓரம் கிளம்பி, அழுக்கேறிவிடும். அதைப் பார்த்துவிட்டு அவரே கழற்றச் சொல்லிவிட்டார்.

வார்டில் வயதான அம்மாக்களுக்கு மருந்து ஏற்ற லைன் போடப் போனால், அவர்கள் கையை நீட்டுவதற்குள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். “ஏ பிள்ள, இந்தக் காலத்துல இதை யாரு குத்திவிட்டா?” அவர்கள் கையில் நரம்பு பிடிப்பது தனிப் பாடு. பச்சை அடர்ந்த இடத்தில் நரம்பு எது, குத்தின கோடு எது என்று கண்ணுக்குத் தெரியாது. கண்ணை விட்டுவிட்டு விரல் நுனியால் அழுத்தி, மெத்தென்று எழும்புகிற இடத்தைத் தேடித்தான் வென்ஃபிளான், அதாவது மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாய், போட வேண்டும். முடிந்தவரை பச்சை இல்லாத இடமாகவே பார்ப்போம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் கேள்விகள் இரண்டு. லேசரில் முழுசாகப் போய்விடுமா, தழும்பு நிற்குமா? இன்னொன்று, “அது வேற, இது வேற” என்கிறார்களே, உண்மையாகவே என்ன வேறு? யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.


மானாமதுரைக்காரன்:

தங்கச்சி, லேசர் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

நான் எஸ்எஸ்சி ஜிடி, அதாவது துணை ராணுவப் படைகளில் காவலராகச் சேருகிற தேர்வு, எழுதியவன். வலது முன்கையில் வேல் குத்தியிருந்தேன். எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் முடிந்து மெடிக்கலில் நிறுத்திவிட்டார்கள். துணை ராணுவப் படைகளுக்கு விதி இதுதான்: சாமிச் சின்னம், சாமி உருவம், பேர் இருக்கலாம். ஆனால் சல்யூட் அடிக்காத கையில், அதாவது இடது முன்கையின் உள்பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் புறங்கையில். அந்தப் பாகத்தில் கால் பங்குக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஆக, முருகன் மேல் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, அவர் ஏறி நின்ற கைதான் தப்பு. உங்கள் தேளுக்கு இடம் சரி, அளவு சரி. ஆனால் அது சாமியும் இல்லை, பேரும் இல்லை. நல்லவேளை, நீங்கள் கேட்பது மாப்பிள்ளை வீட்டு மெடிக்கல்தான்.

சரி, லேசருக்கு வருவோம். கறுப்பு மைக்கு என்டி யாக் என்கிற லேசர், 1064 நானோமீட்டர் அலைநீளம். மையைச் சுரண்டியெல்லாம் எடுப்பதில்லை. தோலுக்குள் இருக்கிற மைத் துகளை அது பொடியாக்கும், அதை நம் உடம்புதான் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஆறிலிருந்து எட்டு வாரம் விடுவார்கள். மரத்துப்போகிற கிரீம் தடவி உட்கார வைத்தாலும், கடுகு தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கிற மாதிரி சுரீர் சுரீர் என்று விழும். அடித்தவுடன் கோடெல்லாம் வெள்ளையாகப் பொங்கும், கால் மணி நேரத்தில் அமுங்கிவிடும். மறுநாள் கொப்புளம் வரலாம், அதைக் கிள்ளக் கூடாது. நான் போன இடத்தில் ஒரு சிட்டிங்குக்கு 3000 ரூபாய்க்குக் குறைவில்லை.

நம் நிறத்துக்கு இன்னொரு சிக்கல். லேசர் மையை மட்டும் பார்ப்பதில்லை, தோலின் நிறத்தையும் பார்க்கிறது. மாநிறத்துக்கு மேல் இருந்தால் சக்தியைக் குறைத்து வைத்து நிதானமாகப் போவார்கள், அப்படியும் அந்த இடம் வெளிறிப்போக வாய்ப்பு உண்டு. என் கையில் இப்போது வேல் இல்லை. வேல் வடிவத்தில் வெளிறிய தோல் இருக்கிறது, வெயிலில் நின்றால் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன டாட்டூவுக்கே பல சிட்டிங் ஆகும். இப்போது தொடங்கினாலும் தை மாதம் உங்கள் கையில் அரைகுறையாக அழிந்த தேள்தான் இருக்கும். போட்டோவுக்கு முழுத் தேள் எவ்வளவோ மேல். எடுப்பதானால் கெலாய்டு, அதாவது புடைத்து வளர்கிற தழும்பு, வருகிற உடம்பா என்று தோல் டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். அழகு நிலையப் பக்கம் போகாதீர்கள்.


ஊர்நாட்டான்:

எதற்கு இவ்வளவு நீளக் கதை? டாட்டூ குத்தினவர்கள் வாழ்நாள் முழுக்க ரத்ததானம் செய்ய முடியாது, நர்ஸுக்கு இதுகூடத் தெரியாதா? பெரியவர்கள் சொன்னால் எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் செய்கிற வேலையா இது.


நெல்லைச் செவிலி:

அண்ணாச்சி, வாழ்நாள் முழுக்க எல்லாம் இல்லை. நம் நாட்டு விதிப்படி டாட்டூ போட்டு 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது. ஊசி வழியாக மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி தொற்றியிருந்தால் ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் தெரியாமல் தப்பிவிடும், அதற்காகத்தான் இந்தத் தவணை. காது குத்தினாலும் அதே கெடுதான். காது குத்தாத நல்ல குடும்பம் எது என்று தெரிந்தால் சொல்லுங்கள், சித்தியிடம் சொல்லி அங்கே ஜாதகம் கொடுக்கச் சொல்கிறேன். நான் 12 மாதம் காத்திருந்து, அப்புறம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.


ஊசிக்காரன்:

சென்னையில் டாட்டூ கடை வைத்திருக்கிறேன். படித்தவுடன் எழுதத் தோன்றியது.

முதலில் அந்தக் கலங்கின கால்கள். அப்படியே போட்டவருக்கு ஒரு சபாஷ். கலங்கின கோட்டை வேண்டுமென்றே கலங்கின மாதிரி போடுவது நேர்க்கோடு போடுவதைவிடக் கஷ்டம். ஊசி கொஞ்சம் ஆழம் போனாலும் மை தானாகப் பரவும், அப்புறம் அது நம் சொல் பேச்சு கேட்காது. மை நிற்க வேண்டியது மேல் தோலுக்கு அடியில் இருக்கிற அடுக்கில். மேலேயே நின்றால் உதிர்ந்துவிடும், ரொம்பக் கீழே போனால் புகை மாதிரி படர்ந்துவிடும்.

எடுக்கச் சொல்வது, மறைக்கச் சொல்வது, இதில்தான் என் கடையின் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. பேர்தான் அதிகம். காதலித்த பேரின் மேல் இறகு, ரோஜா, கழுகு என்று எதையாவது போட்டு மூட வேண்டும். நாலு எழுத்துப் பேரை மூட உள்ளங்கை அகலத்துக்குக் கழுகு தேவைப்படும், அது வந்தவர்களுக்குப் புரியவே புரியாது. கட்சிக்காரர்கள் தனி ரகம். எம்.ஜி.ஆர். காலத்தில் இரட்டை இலை குத்திக்கொண்ட பெரியவர்கள் இன்னும் சட்டைக் கையை மடித்துக் காட்டுவார்கள். 2016இல் ஜெயலலிதா பிறந்தநாளை ஒட்டி வேளச்சேரியில் கூட்டமாக உட்கார்த்திவைத்து அவர் முகத்தைக் குத்தினார்களே, பெண்களும் இருந்தார்கள், வலியில் முகம் சுளித்தது டிவியில்கூட வந்தது. அன்றைக்கு அதைத் தலைவர் மேல் பக்தி என்று எழுதினார்கள். அதே கையில் அதே பெண் தனக்குப் பிடித்த ஒரு பூவைக் குத்திக்கொண்டு போயிருந்தால் வீட்டில் என்ன பேச்சு விழுந்திருக்கும்?

என் கடையில் ஆண்கள் வேல், சிவன், “அம்மா” என்று குத்திக்கொண்டு போவார்கள், வீட்டில் ஆரத்தி எடுக்காத குறை. பெண்கள் வந்தால் முதல் கேள்வியே, “சுடிதார் போட்டா மறைஞ்சிருமா?” தோள்பட்டைக்குக் கீழே, விலாவில், கணுக்காலில் என்று ஒளிக்கிற இடமாகத்தான் கேட்பார்கள். விலா எலும்பு மேல் குத்துவது எவ்வளவு வலி என்று தெரிந்தும் அங்கேதான். முன்கையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த அன்று மறைக்காமல் உட்கார்ந்தீர்கள் பாருங்கள், என் கணக்கில் அவர்களுக்கு உறைத்தது அதுதான்.

ஒரே ஒரு வகைக்கு நான் ஊசி எடுப்பதில்லை. சாதிப் பேர், சாதிக் கொடி நிறத்தில் பட்டை. ப்ளஸ் டூ பையன்கள் எல்லாம் இதைக் கேட்டு வருகிறார்கள். கையில் கட்டுகிற கயிற்றைப் பள்ளிக்கூடத்தில் அவிழ்க்கச் சொன்னால் அவிழ்த்துவிடலாம், இதை என்ன செய்வான்? காசு போனால் போகட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

பின்குறிப்பு மாதிரி ஒன்று: திருவிழாவில் பேட்டரி மெஷினை வைத்துக்கொண்டு ஒரே ஊசியில் ஊருக்கே குத்துகிறவர்களிடம் யாரும் கை நீட்டாதீர்கள். ஊசியை உறையிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மையைச் சின்ன மூடியில் உங்களுக்கென்று தனியாக ஊற்ற வேண்டும். நர்ஸம்மாவுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.


வசந்தா டீச்சர்:

மகளே, நான் மன்னார்குடிப் பக்கம். வயது 74. சரித்திர ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டாவது கேள்வியை எனக்கென்று விட்டுவைத்த மாதிரி இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வலது கையிலும் பச்சை உண்டு. எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது குத்தினது. குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்தால் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் ஓடி ஒளிவோம். மை தயாரிப்பதை மட்டும் ஆசையாகப் பார்ப்பேன். அகத்திக்கீரையும் மஞ்சள்தூளும் சேர்த்து அம்மியில் அரைத்து, அதை மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் போட்டு ஏற்றுவார்கள். மேலே ஒரு புதுச் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் உள்பக்கம் கரி படியும். அதைச் சுரண்டி, பிள்ளை பெற்றவள் யாராவது தெருவில் இருந்தால் தாய்ப்பாலில் குழைப்பார்கள், இல்லையென்றால் தண்ணீர். தையல் ஊசிகளைச் சேர்த்து நூலால் கட்டியிருப்பார்கள். என் கையை அத்தை பிடித்துக்கொண்டாள், காலை அம்மா. குறத்தி பாட்டு ஒன்றை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டே குத்தினாள், நான் அழுவது தெருவுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் பாடினாளோ என்னவோ. முடிந்ததும் வெந்நீரில் கழுவி மஞ்சள் பூசினார்கள். கூலி, நெல்லும் ஒரு பழம்புடவையும். “செத்தா கூட வர்ற நகை இது ஒண்ணுதான்டி” என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

அப்படிக் குத்தினவர்களை இந்த நாடு எப்படி நடத்தியது தெரியுமா? குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். குறவர் சமூகத்தின் பல பிரிவுகளை அதில் சேர்த்தார்கள். பல ஊர்களில் தினமும் இரவு போலீஸ் ஸ்டேஷனில் கைநாட்டு வைக்க வேண்டும். இங்கே 1947இல்தான் அந்தச் சட்டம் போனது. திண்ணையில் உட்காரவைத்துக் கையைக் கொடுத்தவர்களேதான் வாசல் தாண்டி உள்ளே விடாதவர்களும். அதற்கும் முந்தி, வங்காள மாகாணத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளின் நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்துகிற தண்டனை இருந்தது. 1849இல் அதை நிறுத்தினார்கள். ஆக ஒரே காலத்தில் இதே ஊசி ஒரு பக்கம் பெண்ணுக்கு நகை, இன்னொரு பக்கம் கைதிக்கு முத்திரை.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன காலத்தில் காற்று மாறிவிட்டது. டவுனில் படித்த பெண்கள் கையில் பச்சை இருக்காது. விடுதியில் என் கையைப் பார்த்து, “பட்டிக்காடு” என்று சிரித்தார்கள். ரொம்ப வருஷம் முழங்கை தாண்டின ரவிக்கைதான் தைத்துப் போட்டேன், சித்திரை வெயிலில்கூட. உன் வருங்கால மாமியார் என்னைவிடப் பத்து இருபது வயது சின்னவராக இருப்பார். பச்சை இல்லாத கை என்றால் படித்த கை, நாகரிகமான கை என்று கேட்டு வளர்ந்த தலைமுறை. அவர் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிகிறது, அதற்காக அதை நீ சுமக்க வேண்டியதில்லை.

இப்போது, “அது வேற, இது வேற.” அவர்கள் சொன்னது சரிதான் மகளே. வேறுதான். எனக்குக் குத்தும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. வீடு முடிவு செய்தது, தெரு சாட்சி. நீ யாரையும் கேட்காமல் நீயே முடிவு செய்து குத்திக்கொண்டாய். பாட்டி கையில் இருப்பது கீழ்ப்படிந்ததற்கு அடையாளம், உன் கையில் இருப்பது உன் இஷ்டம். படம் ஒன்றாக இருந்தாலும் அவர்கள் கண்ணில் இரண்டும் ஒன்றாகாது.

அதனால் ஒரு யோசனை. “எங்க ஆச்சி கையிலயும் இருந்துச்சு, உங்க பாட்டி கையிலயும் இருக்கே” என்று வாதாடாதே. பெரியவர்கள் போட்டால்தான் செல்லும் என்று நீயே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நாளைக்கு ஆச்சி செய்யாத ஒன்றை நீ செய்ய வேண்டி வரும், மேல்படிப்போ வெளிநாட்டு வேலையோ, அப்போது எந்தப் பாட்டியின் கையைக் காட்டுவாய்? எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும் என்று மட்டும் சொல். அதையும் அத்தை மூலம், சித்தி மூலம் சொல்லி அனுப்பாதே. பையனிடம் நேரே பேசு. அவன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்.


மானாமதுரைக்காரன்:

டீச்சரம்மா, முழங்கை தாண்டின ரவிக்கை என்றதும் எங்கள் அம்மாச்சி ஞாபகம். அவரும் அப்படித்தான். ஏன் என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை.


நெல்லைச் செவிலி:

நன்றி டீச்சரம்மா. ஆச்சியைப் பிடித்து உட்காரவைத்துத்தான் குத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டாள் என்றே நினைத்திருந்தேன். இனிமேல் கேட்கவும் வழியில்லை.

நைட் டியூட்டி முடித்து வந்து அவருக்கு நேரே போன் போட்டேன். “எனக்கு ஒண்ணும் இல்லைங்க, அம்மாதான் சொல்றாங்க” என்றார். உங்களுக்கு ஒன்றும் இல்லையென்றால் அதை உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் லேசர் பண்ணப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பாட்டிகிட்ட சொல்லிப் பேசச் சொல்றேன்” என்றார். பாட்டியை வைத்துப் பேச வேண்டாம், நீங்களே பேசுங்கள் என்றேன். பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பேசுகிறாரா என்று பார்ப்போம். தட்டு மாற்றுவதை அதுவரைக்கும் தள்ளிவைக்கும்படி சித்தியிடம் சொல்லியாயிற்று. அம்மாவுக்குத்தான் வருத்தம், மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை.

ஊசிக்காரன் அண்ணா, வால் நுனியில் இருக்கிற புள்ளி மட்டும் மங்கிவிட்டது. டச்சப் பண்ணலாமா?


ஊசிக்காரன்:

பண்ணலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். தேதி முடிவாகட்டும், முறியட்டும், எதுவானாலும் அதற்கு அப்புறம் வாங்க. ஆறுகிற வரைக்கும் நலங்கு மஞ்சள், மெஹந்தி, பார்லர் ஸ்க்ரப் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. டச்சப் பண்ணினாலும் ரத்தம் கொடுக்க மறுபடியும் 12 மாதம் காத்திருக்க வேண்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.